கூரும் மெருகும்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து வந்த பொருள்கள் சில தவறாமல் காணப்படும். அரிவாள்மனை ஒன்று, குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளை டம்ளரும் டபராவும், பாட்டி காலத்துச் செப்புக்குடம் ஒன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல இவற்றுள் முதலாவது மழுங்கிப் போகிறது. மற்றவை மங்கிப் போகின்றன. மழுங்கியதைத் தீட்டுவதும் மங்கியதைத் துலக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். அவை இரண்டும் அடிப்படையில் ஒரே வேலைதான் என்பதையும், இரண்டுக்கும் ஒரே பொருள் பயன்படுகிறது என்பதையும், அப்பொருளைக் கையாளும்போது கவனிக்க வேண்டியவை எவை என்பதையும் இன்று தங்களிடம் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அந்தப் பொருளை இரும்புச் சாமான் கடைகளில் பாலிஷ் கட்டி என்றும், பஃப்பிங் சோப்பு என்றும் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள். பார்வைக்குச் சலவைச் சோப்பைப் போலவே இருக்கும். பச்சை, வெள்ளை, சிவப்பு, பழுப்பு, கறுப்பு எனப் பல நிறங்களில் கிடைக்கும். சோப்பு என்று பெயர் பெற்றிருந்தாலும் அது நுரைப்பதில்லை. மிகக் கடினமான ஒரு பொருளை மாவினும் நுண்ணிய பொடியாக்கி, அந்தப் பொடியை மெழுகிலோ கொழுப்பிலோ குழைத்து, அச்சில் வார்த்து இறுகச் செய்திருக்கிறார்கள். வேலை செய்வது பொடி. அந்தப் பொடியைச் சிதறவிடாமல் துணியிலோ தோலிலோ பற்றி நிற்கச் செய்வது மெழுகு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதற்கு மெருகுக் கட்டி என்று பெயர் சூட்டிக்கொள்கிறேன். இந்தப் பேச்சு முடியும் வரை அப்பெயரையே வழங்குவோம்.

கடினப் பொடியைப் பசையில் குழைத்துக் கருவியாக்கும் இந்த முறை நமக்குப் புதியதன்று. நம் நாட்டுச் சாணைக்காரர்களும் இரத்தினம் பட்டை தீட்டுவோரும் பண்டுதொட்டுப் பயன்படுத்திய சாணைச் சக்கரம், குருந்தக்கல்லின் பொடியை அரக்கில் குழைத்துச் செய்யப்பட்டதாகும். அங்கே அரக்கு, இங்கே மெழுகு, தத்துவம் ஒன்றே. தில்லியின் குடியிருப்புகளில் மிதிவண்டியின்மேல் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு குரல் கொடுத்து வரும் சாணைக்காரரை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் தம் கல்லை ஸான் என்கிறார். நாம் சாணை என்கிறோம். வடமொழியில் சாண என வழங்கும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் இவை. மொழி தெரியாத ஊரில் புதிதாகக் குடியேறிய ஒருவர், கையில் கத்தியை எடுத்துக்கொண்டு சாணை என்று தமிழிலேயே சொன்னால்கூட அந்தத் தெருச் சாணைக்காரருக்குப் புரிந்துவிடும்.

குருந்தம் என்ற சொல்லின் பயணம் இதைவிடச் சுவையானது. அலுமினிய ஆக்ஸைடு என்று வேதியியலார் கூறும் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயர், நம் குருந்தத்திலிருந்து பிறந்ததாகும். இந்தியாவிலிருந்து சென்ற அந்தக் கல்லைப் பற்றிச் சார்ல்ஸ் கிரெவில் என்பவர் 1798-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். அதற்குப் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் என்பவர் மின் உலையில் புதிய கடினப் பொருள் ஒன்றை உண்டாக்கினார். 1893-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அது சிலிக்கன் கார்பைடு. கார்பன் என்பதையும் கொரண்டம் என்பதையும் இணைத்து அதற்கு அவர் கார்பொரண்டம் என்று பெயரிட்டார். 1954-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டுறவோடு முருகப்பா குழுமத்தார் சென்னையில் சாணைச் சக்கரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கியபோது, அந்த நிறுவனத்தின் பெயரிலேயே கார்பொரண்டம் அமைந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய சொல்லின் வால், உலகைச் சுற்றிவிட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது எனலாம். இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் குருந்தக்கல் இயற்கையாகவே கிடைக்கிறது என்பதையும் இவ்விடத்தில் நினைவு கூர்வது பொருந்தும். மாணிக்கமும் நீலமும் இதே குருந்தத்தின் நிறம் பெற்ற வடிவங்களே.

இனி, கூரும் மெருகும் எவ்வாறு ஒன்றாகின்றன என்பதைப் பார்ப்போம்.

ஓர் உலோகப் பரப்பு மங்கலாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் இரண்டு. காற்றும் ஈரமும் பட்டு மேலே படிந்த களிம்பு ஒன்று. பரப்பின்மேல் கணக்கின்றி ஓடும் கீறல்கள் மற்றொன்று. கீறல் உள்ள பரப்பில் விழும் ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. அந்தக் கீறல்களை மேலும் மேலும் நுண்ணிய கீறல்களாக மாற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாகிவிடுகின்றன. அப்போது ஒளி சிதறாமல் ஒரே சீராகத் திரும்புகிறது. நம் முகம் அதில் தெரிகிறது. கீறல்களே இல்லாத பரப்பு என்று ஒன்று இல்லை. கண்ணுக்கு எட்டாத அளவுக்குக் கீறல்களைச் சிறிதாக்குவதே மெருகிடுதல். 1704-இல் வெளிவந்த ஒளியியல் நூலிலேயே ஐசக் நியூட்டன் இக்கருத்தைத் தெளிவாகக் கூறியிருக்கிறார். தொலைநோக்கிக்கான ஆடிகளைத் தம் கையாலேயே தேய்த்து மெருகேற்றியவர் அவர்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 மைக்ரான் முதல் 0.7 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் பருமன் சுமாராக 70 மைக்ரான் இருக்கும். கத்தி தீட்டுவதற்கென்று விற்கப்படும் நல்ல பச்சைக் கட்டியில் உள்ள பொடியின் பருமனோ அரை மைக்ரான் அளவினது. ஒரு மயிரின் குறுக்கே அத்தகைய துகள்களை வரிசையாக அடுக்கினால் நூற்றுக்கு மேல் வைக்கலாம். ஒளியை ஏமாற்றும் அளவுக்கு நுண்ணிய துகள் அது.

கத்தியின் வாய் என்று நாம் சொல்வது என்ன? இரு பக்கப் பரப்புகள் சந்திக்கும் கோடுதான். அந்தப் பரப்புகளில் ஆழமான கீறல்கள் இருந்தால், அவை வந்து முடியும் கோடும் அரம்போலப் பல் பல்லாக இருக்கும். பரப்புகள் வழவழப்பானால் கோடும் நேராகிறது, மெலிதாகிறது. ஆகவே கத்தியைக் கூராக்குவது என்பது, அதன் வாயின் இருபுறத்தையும் மெருகிடுவதே ஆகும். விளக்குக்குப் பளபளப்பைத் தரும் அதே பொடி கத்திக்குக் கூரைத் தருவதன் இரகசியம் இதுதான்.

நிறங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பச்சைக் கட்டியில் முதன்மையாக இருப்பது குரோமியம் ஆக்ஸைடு. பல கட்டிகளில் அலுமினிய ஆக்ஸைடும் கலந்திருக்கும். எஃகுக்கும் எவர்சில்வருக்கும் இது ஏற்றது. வெள்ளைக் கட்டி பெரும்பாலும் அலுமினிய ஆக்ஸைடு, அதாவது நம் குருந்தமே. சிவப்புக் கட்டியில் உள்ளது இரும்பு ஆக்ஸைடு. வாசலில் கோலத்துக்கு இடும் காவியின் உறவினர் என்று சொல்லலாம். பொன், வெள்ளி போன்ற மென்மையான உலோகங்களுக்கு இறுதி மெருகு தர இது உதவும். ஆனால் இது கடினப்படுத்திய எஃகைவிட அவ்வளவு கடினமானதன்று. ஆகையால் கத்தியின்மேல் இதனால் விரைவான பயன் கிட்டுவதில்லை. திரிபோலி எனப்படும் பழுப்புக் கட்டியில் இருப்பது சிலிக்கா. பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றின் கீறல்களை முதலில் அகற்றுவதற்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். கறுப்புக் கட்டி எமரி என்னும் முரட்டுப் பொடியால் ஆனது. எனினும் இந்த நிறங்களுக்கு எல்லா நாடுகளிலும் செல்லும் பொதுவிதி எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் பச்சை மற்றொரு கம்பெனியின் பச்சையைவிடப் பல மடங்கு முரடாக இருக்கக்கூடும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல், எந்த உலோகத்துக்கு உரியது என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவதே முறை.

இப்போது சமையலறைக் கத்திக்கு வருவோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. முற்றிலும் மழுங்கிய கத்தியை மெருகுக் கட்டி மட்டும் கொண்டு மீட்க முடியாது. அரை மைக்ரான் துகள் எடுக்கக்கூடிய எஃகு அற்பம். மழுங்கிய வாயைப் புதிதாக உருவாக்குவது கல்லின் வேலை. ஒரு பக்கம் முரடும் மறுபக்கம் நயமுமான தீட்டுகல் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அதில் நீரோ எண்ணெயோ விட்டு, முதலில் முரட்டுப் பக்கத்திலும் பின்னர் நயமான பக்கத்திலும் தீட்ட வேண்டும். ஒரு பக்கத்தைப் போதிய அளவு தேய்த்தவுடன், மறுபக்கத்தில் வாய் நெடுகிலும் மெல்லிய பிசிறு ஒன்று எழும். விரலை முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். ஒருபோதும் வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டிப் பார்க்கலாகாது. பிசிறு வாய் முழுவதும் எழுந்துவிட்டால் அந்தப் பக்கத்து வேலை முடிந்தது என்பது பொருள். பிறகு மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டுக. கல் இல்லாத வீட்டில், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று தெரியுமே, அதிலும் ஓரளவு தீட்டிக்கொள்ளலாம்.

கல்லில் தீட்டிய கத்தி கூராகத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பிசிறு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் காய் நறுக்கியதும் அது மடிந்து விழும். தீட்டிய மறுநாளே மழுங்கிவிட்டதே என்று வீட்டில் குறைப்படுவது இதனால்தான். அந்தப் பிசிறைக் களைந்து, கல்லின் கீறல்களையும் துடைப்பதற்கே தோலும் மெருகுக் கட்டியும் வேண்டியிருக்கின்றன. முற்காலத்து நாவிதர் தம் அடைப்பத்தில் தோல்வார் ஒன்று வைத்திருந்து, ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் கத்தியை அதில் இப்படியும் அப்படியும் புரட்டிய காட்சியைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாம் செய்யப்போவதும் அதுவே.

ஓர் அடி நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள சமமான பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இடுப்புவாரை அதன் அளவுக்கு வெட்டி, சொரசொரப்பான உட்புறம் மேலே இருக்கும்படி ஒட்டிவிடுங்கள். தோலை விரும்பாதவர்கள் கெட்டியான பருத்தித் துணியை இழுத்து ஒட்டலாம். செய்தித்தாளை இரண்டு மடிப்பாகப் பலகையில் சுற்றினாலும் போதும். அதன்மேல் பச்சைக் கட்டியை, குழந்தைகள் வண்ணக்கட்டி கொண்டு தீட்டுவதுபோல மெல்லப் பூசுங்கள். கட்டி காய்ந்து இறுகியிருந்தால் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகும். பூச்சு மெலிதாக இருக்க வேண்டும். தடித்துப் பூசினால் வாய் அதில் புதைந்து, கூர் உருண்டு போகும்.

கத்தியைத் தோலின்மேல் வைத்து, முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே தொடரும்படி இழுக்க வேண்டும். வாய் முன்னே சென்றால் தோலை வெட்டிவிடும். கல்லில் எந்தச் சாய்வில் தீட்டினோமோ அதே சாய்வு இங்கும் வேண்டும்; சமையற்கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை பொருத்தமானது. பாகைமானியைத் தேடிப் போக வேண்டியதில்லை. கத்தியின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால், அதன் முதுகைப் பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்த்தினால் 15 பாகை. ஒன்றே கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்த்தினால் 20 பாகை ஏறக்குறைய அமைந்துவிடும். சாய்வு சரிதானா என்ற ஐயம் எழுந்தால், வாயின் ஓரத்தில் மசி தடவிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். மசி வாய்வரை அழிந்திருந்தால் சாய்வு சரி. மேற்புறத்தில் மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் சிறிது உயர்த்த வேண்டும்.

கையின் பாரமே போதும், அழுத்த வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பத்து முதல் இருபது முறை இழுத்தால் போதுமானது. இழுப்பு முடியும் இடத்தில் மணிக்கட்டைத் திருப்பாமல், கத்தியை நேராக மேலே எடுத்துவிட வேண்டும். அங்கே திருப்பினால் அதுவரை செய்த வேலை அந்தக் கணத்தில் வீணாகும். சிறிது நேரத்தில் பச்சைப் பூச்சின்மேல் கறுப்புக் கோடுகள் தோன்றும். அவை அழுக்கல்ல, கத்தியிலிருந்து கழன்று வந்த எஃகுத் துகள்கள். பொடி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. தோல் முழுவதும் கறுத்துவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் பூசிக்கொள்ளலாம். முடித்தபின் கத்தியைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்த பிறகே காயில் வைக்க வேண்டும்.

அரிவாள்மனையின் வாய் வளைந்தது. அது அசையாமல் நிற்பது. ஆகவே அங்கே கருவிதான் நகர வேண்டும். உருண்டையான சிறு கட்டையொன்றில் தோலைச் சுற்றி ஒட்டி, கட்டியைப் பூசி, அரிவாளின் முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கியும் வாயைத் தாண்டியும் இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் ஒருபோதும் இழுக்கலாகாது. கை வாயின்மேல் மோதிவிடும். வங்காளத்துப் பொண்ட்டிக்கும், மராட்டியத்து விளிக்கும், கன்னட நாட்டு ஈளிகெ மணைக்கும் இதே முறை பொருந்தும். அண்டை வீட்டாருக்கும் நீங்கள் சொல்லித் தரலாம்.

கூரான கத்தி ஆபத்தானது என்று எண்ணி, மழுங்கிய கத்தியையே வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. நடைமுறை இதற்கு மாறானது. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போது அது வழுக்குகிறது. வழுக்கும் கத்தியின் பின்னே முழுக் கையின் பலமும் இருக்கிறது. தக்காளியின் தோலில் வைத்தவுடன் தன் பாரத்தாலேயே இறங்கும் கத்தி, நாம் நினைத்த இடத்தில் நின்றுவிடுகிறது. கூரைச் சோதிப்பதற்கும் தக்காளியோ ஒரு தாளோ போதும், கட்டைவிரல் வேண்டாம்.

அடுத்து, பாத்திரமும் விளக்கும்.

பித்தளையைப் புளியிட்டுத் துலக்குவது நம் வழக்கம். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. உடன் சேர்க்கும் செங்கற்பொடியும் சாம்பலும் தேய்க்கின்றன. வெள்ளிக்குத் திருநீறு இடுவதும் நுண்பொடியின் பயனை அறிந்த கைகள் கண்ட வழியே. ஆனால் செங்கற்பொடி முரடானது. களிம்பு போகிறது, கீறல் சேர்கிறது. பல்லாண்டுகள் அவ்வாறு துலக்கிய விளக்கு சுத்தமாக இருந்தும் ஒளியின்றித் தோன்றுவதற்கு அதுவே காரணம். அத்தகைய விளக்கை முதலில் வெந்நீரும் சீயக்காயும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவி உலர்த்துங்கள். பிறகு மென்மையான துணியில் பழுப்புக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு, ஒரு திசையில் சீராகத் துலக்குங்கள். கழுவித் துடைத்தபின், வேறொரு துணியில் சிவப்புக் கட்டியைத் தேய்த்து, முன்னைய திசைக்குக் குறுக்காகத் துலக்குங்கள். பழைய கோடுகள் மறைந்தனவா என்பது அப்போது தெரிந்துவிடும். முதற்கட்டியின் துணியை இரண்டாவதற்குப் பயன்படுத்தலாகாது. ஒரே ஒரு முரட்டுத் துகள் தங்கினாலும் அது புதிய கீறலைப் போட்டுவிடும்.

மெருகிடும் ஒவ்வொரு முறையும் உலோகத்தில் ஒரு சிறு பகுதி போய்விடுகிறது என்பதை மறக்கலாகாது. நாச்சியார்கோயில் விளக்கின் அன்னத்தில் சிற்பி செதுக்கிய இறகுகளை ஆண்டுதோறும் யந்திரத்தில் கொடுத்து மெருகிட்டால், அவை சில ஆண்டுகளில் வழுவழுப்பாகிவிடும். வெள்ளி முலாம் பூசிய தட்டுகளைக் கட்டியால் தொடவே கூடாது. முலாமின் கனம் சில மைக்ரான்களே ஆகையால் விரைவில் அடியிலுள்ள உலோகம் வெளிப்பட்டுவிடும். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் இதைப் பயன்படுத்துவது அதனினும் தவறு. அந்தப் பூச்சுப் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால், புளி செம்பைக் கரைத்து உணவில் சேர்க்கும். அதனால் வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகக்கூடும். வெளிப்புறத்தை மெருகிடுங்கள், உட்புறத்தைக் கலாய் பூசுவோரிடம் விட்டுவிடுங்கள்.

கையால் செய்வது மெதுவான வேலை. எனவே இப்போது பலர் சிறிய மின் மோட்டார் ஒன்றில் துணிச் சக்கரத்தைப் பொருத்திக்கொள்கிறார்கள். அடுக்கடுக்கான பருத்தித் துணிகளைத் தைத்துச் செய்த சக்கரம் அது. பஃப் என்று பெயர். பார்ப்பதற்குப் பூப்போல மென்மையாக இருப்பதால் அதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடுகிறோம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 2,800 முறை சுழன்றால், அதன் விளிம்பு ஒரு நிமிடத்தில் 1,300 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் ஒரு டம்ளரின் விளிம்போ கத்தியின் வாயோ துணியில் மாட்டிக்கொண்டால், அது கையிலிருந்து பிடுங்கப்பட்டு எறியப்படும். சக்கரம் மேலிருந்து நம்மை நோக்கிக் கீழே சுழல வேண்டும். பொருளை அதன் மையத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும். விளிம்பு எப்போதும் சுழற்சி போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் மாட்டினாலும் பொருள் நம்மைவிட்டு விலகிப் போகும். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல், தளர்ந்த கையுறை ஆகியவை சக்கரத்தின் அருகே வரலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது.

கத்தியைச் சக்கரத்தில் காட்டுவதில் வேறோர் இடரும் உண்டு. வாய் மெல்லியது, உராய்வின் சூடு அங்கே நொடியில் ஏறும். எஃகு 220 பாகை செல்சியஸ் அளவுக்கு மேல் சூடேறினால் வெளிறிய மஞ்சள் நிறம் படரும். 300 பாகையை நெருங்கும்போது நீலம் பாரிக்கும். நீலம் கண்ட இடத்தில் சமையற்கத்தி தன் பதத்தை இழந்துவிட்டது. அதன்பின் எத்தனை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. தெருச் சாணைக்காரரிடம் கத்தியைக் கொடுக்கும்போது, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து, அடிக்கடி நனைத்துக்கொள்ளும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல தொழிலாளி அதைக் குறையாகக் கொள்ளமாட்டார்.

நேயர்களே, நுண்மையால் வரும் நன்மைகளை இதுவரை கூறினேன். அதே நுண்மையால் வரும் தீமை ஒன்றையும் கூறாமல் விடுவது முறையாகாது.

பத்து மைக்ரானுக்கும் குறைந்த தூசியை மூக்கின் மயிரும் தொண்டையின் ஈரமும் முழுமையாகத் தடுத்து நிறுத்த இயலாது. அதிலும் மிக நுண்ணியது நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள்வரை சென்று தங்குகிறது. மெருகுக் கட்டியின் பொடி எந்த அளவினது என்று முன்னமே பார்த்தோம். சுழலும் சக்கரத்திலிருந்து கட்டியின் பொடியும், உலோகத் துகளும், துணியின் இழையும் ஒன்றாகக் கலந்து காற்றில் எழுகின்றன. சிலிக்கா கலந்த தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் உண்டாகிறது. நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும் அந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வராமல் காப்பதொன்றே வழி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இதைச் சேர்த்திருந்தது.

பித்தளை நகரம் என்று பெயர் பெற்ற மொராதாபாதின் சந்துகளிலும், எவர்சில்வர்ப் பாத்திரத் தொழில் நடக்கும் தில்லி வஜீர்பூரிலும் மெருகுச் சக்கரங்களின் முன்னே அமர்ந்திருக்கும் தொழிலாளர் பல்லாயிரவர். நாம் கல்யாணத்துக்கு வாங்கும் தாம்பாளத்தில் நம் முகம் தெளிவாகத் தெரிகிறதென்றால், அதைத் தெரியச் செய்தவரின் முகம் அன்று முழுவதும் கரிபடிந்திருந்தது என்பது பொருள். மூக்கில் கட்டிய கைக்குட்டை அந்தத் தூசியைத் தடுக்காது. சக்கரத்தின் பின்னே தூசியை உறிஞ்சி எடுக்கும் குழாயும், நுண்துகளைத் தடுக்கும் முகக்காப்பும் அவருக்கு வேண்டும். அவை விலையுயர்ந்த அதிசயங்கள் அல்ல. அவற்றை அமைப்பது பட்டறை நடத்துவோரின் கடமை. அத்தொழிலில் நம்மவர் யாரேனும் ஈடுபட்டிருந்தால், அல்லது பட்டறையின் கணக்கையும் மேற்பார்வையையும் கவனிக்கும் பொறுப்பில் இருந்தால், இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும். நாள்பட்ட இருமலும் மூச்சுத்திணறலும் உள்ள தொழிலாளி மருத்துவரிடம் செல்லும்போது, தாம் செய்யும் தொழில் இன்னது என்பதையும் முதலிலேயே தெரிவிப்பது மிகவும் அவசியம். அந்த ஒரு செய்தி இல்லாவிட்டால், நோயைக் காசநோய் என்று மட்டும் எண்ணி மருந்து கொடுத்துவிட இடமுண்டு.

வீட்டில் சக்கரம் வைத்திருப்பவர்களும் காற்றோட்டமான இடத்தில், முகக்காப்பு அணிந்து வேலை செய்ய வேண்டும். முடிந்தபின் தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மெழுகும் பருத்தி இழையும் கலந்த அந்தக் குப்பை எளிதில் தீப்பற்றும். சாணைக்கல்லில் எஃகு தேய்க்கும்போது பறக்கும் பொறி அதில் விழுந்தால் போதும். அலுமினியத் தூசி இன்னும் அபாயமானது. அதைச் சேரவிடவே கூடாது.

கைப்பலகையில் தோலொட்டிச் செய்யும் வேலைக்கு இந்த அச்சம் எதுவும் இல்லை. மெழுகு பொடியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. வேகம் இல்லாததால் தூசி எழுவதில்லை. ஒரு பச்சைக் கட்டி ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் வரும். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு முன், பக்கத்துக்குப் பத்து இழுப்பு என்று வழக்கப்படுத்திக்கொண்டால், கல்லை மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிராது. கடற்கரை நகரங்களில் இருப்பவர்கள், இரும்புக் கத்தியையும் அரிவாளையும் துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் துருவும் அணுகாது.

சாணைக்காரரின் குரல் நகரங்களில் ஆண்டுக்காண்டு அருகி வருகிறது. மழுங்கியதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது எளிதாகிவிட்டதும் அதற்கு ஒரு காரணம். ஊரிலிருந்து வந்த அரிவாள்மனையை அவ்வாறு எறிந்துவிட நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. மனம் வராதது நல்லதே. ஒரு பலகையும், ஒரு துண்டுத் தோலும், ஒரு பச்சைக் கட்டியும் இருந்தால், இன்னொரு தலைமுறைக்கு அதை வேலை செய்யும் நிலையிலேயே கொடுத்துச் செல்லலாம்.